கைமாறிய கேமரா

போன் பாதுகாப்பு பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் பாடம் எடுப்பவள் நான். அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன்.

சரவணம்பட்டியில் என்னோடு வேலை பார்ப்பவர், தன் பழைய வைஃபை கேமராவை எனக்கு விற்றார். "என் அக்கவுன்ட்ல இருந்தே உங்க போனுக்கும் ஷேர் பண்ணியுடறேனுங்க. நீங்க தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். வேலை மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன். கணபதியில் எங்கள் வீட்டில், குழந்தை தூங்கும் அறையில் அதை மாட்டினேன்.

ஒருநாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, தொட்டிலை ஜன்னல் பக்கம் மாத்திக் கட்டிப்போட்டீங்களாட்ட இருக்குது?"

அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

என் முகத்தைப் பார்த்ததும், "என் போன்ல அந்தக் கேமரா ஆப்பைத் தெரியாமத் தொட்டுப்போட்டேனுங்க. நேத்து ஒரே ஒருக்காத்தான்" என்றார்.

அன்றே கேமராவைக் கழற்றினேன். இப்போதெல்லாம் பழைய கருவி எதுவானாலும், உள்ளே இருப்பதை முழுக்க அழித்து, என் பெயரில் பதிந்த பிறகுதான் மின்சாரமே கொடுக்கிறேன். அவரிடம் பேச்சையும் குறைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு முறைதான் பார்த்தாராம். தொட்டில் அதற்கு முன் ஜன்னல் பக்கம் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?