வாத்துக்கும் பன்றிக்கும் நடுவில்

வில்ஃப் பிராக்கன்பரி எங்கள் கொட்டகைக்கு வந்தது விமானத்துக்காக அல்ல. கூரைக்காக.

மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைவது அவர் தொழில். வெள்ளை மான், கலப்பை, அரசர் தலை என்று கடைப் பெயருக்கு ஏற்றபடி, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வட்டாரம் முழுக்க அவருடைய படங்கள் மழையில் தொங்கின. கண்ணால் பார்க்காததை வரைய அவருக்கு வராது. அரசர் தலைக்கு மைத்துனரை உட்காரவைத்து வரைந்தார். அந்த அரசருக்கு இன்றும் ஜலதோஷம் பிடித்த மூக்கு.

ஒரு படமாவது நனையாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாங்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் போர்க்காலத்தில் ஒரு படம் இருந்தது. அதைத் திரும்ப வரையும் வேலைக்காகத்தான் வில்ஃப் பல வருஷம் சம்பளமில்லாமல் எங்களோடு பழைய பெயின்ட் சுரண்டினார்.

எங்கள் பழுதுபார்ப்புக் குழுவின் தலைவர் செட்ரிக் ஸ்கெல்ட்டன், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவரிடம் ஒரே விதிதான். ஆதாரம் இல்லாமல் விமானத்தில் ஒரு திருகாணிகூட ஏறக்கூடாது.

படத்துக்கு இருந்த ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம். அதில் இடது ஓரம் இரும்புத் தொப்பி போட்ட வாத்தின் தலை. வலது ஓரம் சுருண்ட பன்றி வால். நடுவில் இருந்ததை மறைத்துக்கொண்டு, ஏணிமேல் நின்று ரொட்டி தின்கிற மெக்கானிக் ஒருவன்.

"வாத்து பன்னி மேல சவாரி போகுது. இதுல என்ன சந்தேகம்?" என்றேன்.

"அப்ப பன்னித் தலை எங்கய்யா?" என்றார் செட்ரிக்.

"அந்தாளு தொப்பைக்குப் பின்னாடி."

"நீர் பாத்தீரா?"

பார்க்கவில்லை.

டீ போடும் டாட் எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே பிராணியா இருக்கும் கண்ணு. சண்டைக் காலத்துல எது எதோட சேந்துச்சுன்னு யாரு கண்டா."

வசந்தத்தில் தொடங்கிய விவாதம் கோடைக்குள் நுழைந்தது. ஊராருக்கு எஞ்சினை ஓட்டிக் காட்டும் நாளும் நெருங்கியது. தெரிந்த இரண்டு ஓரங்களை மட்டும் வரைந்து நடுவைக் காலியாக விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

"தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். கசாப்புக் கடைன்னு நெனச்சுக் கால் கிலோ கேப்பாங்க" என்றாள் டாட்.

கடைசியில் செட்ரிக் தீர்ப்பைச் சொன்னார். படமே வேண்டாம், மூக்கு வெறுமையாக இருக்கட்டும்.

அதுவரை பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்த வில்ஃப் நிமிர்ந்தார். பாதி பிஸ்கட் உள்ளே விழுந்துவிட்டது.

"டாக்டரே, நடுவுல இருந்ததுக்கு ஆதாரந்தான உமக்கு வேணும்?"

"ஆமா."

"அதான் போட்டோல இருக்கே."

"எங்க?"

"நடுவுல."

அடுத்த வாரம் வாத்தின் தலையை வரைந்தார், பன்றி வாலை வரைந்தார், இரண்டுக்கும் நடுவில் மெக்கானிக்கை வரைந்தார். மடித்துவிட்ட சட்டைக் கை, கால்சட்டையைத் தாங்கும் தோள்பட்டி, கடித்த ரொட்டி. புகைப்படம் இடுப்போடு முடிந்ததால் மெக்கானிக்கும் அங்கேயே முடிந்தான்.

"ரொட்டிக்குள்ள ஜாமா, சீஸா?" என்று கேட்டேன்.

"தெரியல. அதான் ரொட்டிய இறுக்கிப் பிடிச்சிருக்கான்."

செட்ரிக் வந்தார். புகைப்படத்தை உயர்த்திப் பிடித்து, சொத்தைப் பல்லைத் தேடுவதுபோல் அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார். வில்ஃப் தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"சட்டைல நாலு பொத்தான் இருக்கணும்" என்றார் செட்ரிக். "மூணுதான் இருக்கு."

வில்ஃப் நான்காவதை வைத்தார்.

எஞ்சின் ஓட்டும் நாளில் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். செட்ரிக் ஏணியில் ஏறிப் படத்துக்காக நின்றார். சரியாக மெக்கானிக்கை மறைத்துக்கொண்டு. அவருக்கு இந்தப் பக்கம் வாத்துத் தலை, அந்தப் பக்கம் பன்றி வால்.

"தள்ளி நிக்கச் சொல்லட்டா?" என்றேன்.

"வேணாம்ப்பா" என்றார் வில்ஃப். "பின்னாடி வர்றவனுக்கும் வேல வேணாமா? டாக்டர் வயிறு பெருசுதான், பெயின்ட் கூட ஆகும்."

எஞ்சின்கள் நின்ற சிறிது நேரத்தில் மேகம் கருத்தது. முதல் தூறலுக்கு முன் டிராக்டர் விமானத்தைக் கொட்டகைக்குள் சேர்த்துவிட்டது. எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். வில்ஃப் மட்டும் புல்வெளியில் நின்று, திறந்திருந்த கதவு வழியாகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"உள்ள வா கண்ணு, நனையிற பாரு" என்று டாட் கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்" என்றார். "அது நனையல."