பீடித்தட்டுக்கு அடியில் ஒரு மோட்டார்

காது முழுக்கப் போன பிறகு, உம்மா மேலப்பாளையம் வீட்டு வாசலைத் தாழ்ப்பாள் போட்டே வைத்தாள். யார் உள்ளே வந்தாலும் தெரியாதே என்ற பயம். மதியத்தில் சேர்ந்து பீடி சுற்ற வரும் இரண்டு தோழிகளும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள்.

"செவிட்டுப் பொம்பளட்ட எவ வந்து உக்காருவா?" என்றாள் உம்மா. அவர்கள் வந்து தட்டியதைச் சைகையில் சொன்னேன். நம்பவில்லை. எனக்கு அவள்மேல் எரிச்சலும் பாவமும் சேர்ந்தே வந்தன.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள் நான். வாசலில் ஒரு பட்டன், அதை அமுக்கினால் உம்மாவின் எதிரே பல்பு எரிய வேண்டும். பட்டனைக் கவனிக்க வைத்த சின்னச் சிப்புக்கு உத்தரவு போடத்தான் தெரியும், பல்பை எரிக்கும் தெம்பு கிடையாது. அந்த உத்தரவை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிட, நடுவில் டிரான்சிஸ்டரையும் ரிலேயையும் வைத்தேன். கதவைத் திறக்கும்வரை எரியும்.

முதல் தடவை பட்டன் அமுங்கியதும் பல்பு எரிந்தது. உம்மா எழுந்தாள், சுவிட்சை அணைத்தாள், மறுபடி உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள்.

"பகல்ல எதுக்குளா லைட்டு?"

பல்பு எரிந்தால் வாசலில் ஆள் என்று சொல்லித்தான் வைத்திருந்தேன். ஆனால் ஆயுசு முழுக்கக் கரண்டை மிச்சம் பிடித்த கை அது. சர்க்யூட்டில் ஒரு குறையும் இல்லை.

பல்பையும் ரிலேயையும் கழற்றிவிட்டு, பொம்மைக் காரின் மோட்டாரை எடுத்தேன். அச்சில் ஒரு பக்கமாக எடை ஒட்டினால் சுற்றும்போது உதறும். அதை அவள் மடியில் வைக்கும் பீடித்தட்டின் அடியில் பொருத்தினேன். மோட்டார் நிற்கும்போது கரண்டைத் திருப்பி ஓர் உதை உதைக்கும், அதில் டிரான்சிஸ்டர் போய்விடும். அந்த உதையை வாங்கிக்கொள்ள ஒரு டயோடைக் குறுக்கே போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோழிகளிடம் பட்டனைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்து, உம்மாவின் எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டு குலுங்கியது. புகையிலைத் தூள் பாதி தரையில். பீடிக் கடையில் கணக்காக நிறுத்துக் கொடுக்கும் தூள் அது. ஒரு சிட்டிகை சிந்தினாலே எங்களைப் பிடிபிடியென்று பிடிப்பாள்.

வேகத்தைக் குறைக்கலாம் என்று மோட்டார்மேல் கை வைத்தேன். உம்மா என் கையைத் தட்டிவிட்டு, குலுங்குகிற தட்டை அப்படியே இறக்கி வைத்தாள். கதவைத் திறக்க என்னையும் விடவில்லை.

"சிந்துனா சிந்தட்டும்ளா," என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என்னத் தேடி ஆளு வந்துருக்கு."