கோப்பறைக்குக் குளிர் வைத்தவர்

அந்த அலுவலகக் கட்டடத்தில் எல்லாரும் அவரை ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒன்றும் உயரமில்லை, நடுத்தரத்துக்கும் ஒரு பிடி கம்மி. தோளில் அலுமினிய ஏணி இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர் அது. நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும், அவரும் அதைத் தப்பாகத்தான் எழுதுவார்.

ஏணிக்கு வேலை, சீலிங்கில் இருக்கும் டிஃப்யூசர்களைப் பார்த்துக்கொள்வது. ஏசியின் குளிர்காற்று அறைக்குள் இறங்கும் அந்தச் சதுரத் தட்டு நீங்கள் உட்கார்ந்திருந்த எத்தனையோ அறைகளில் இருந்திருக்கும். நிமிர்ந்துதான் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தக் கட்டடத்தில் இருந்தவை கொஞ்சம் சுயபுத்தி உள்ள ரகம். தட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன உலோகக் குப்பி, அதற்குள் மெழுகு. அறை சூடானால் மெழுகு உருகி உப்பி ஒரு ஊசியைத் தள்ளும். மடல்கள் திறந்து குளிர்காற்று கொட்டும். அறை குளிர்ந்தால் மெழுகு சுருங்கும், மடல்கள் தாமாக மூடிக்கொள்ளும். ஒயர் கிடையாது, கரண்ட் கிடையாது. எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல எண் போட்ட ஒரு வளையம் உண்டு. விரலால் திருப்பினால் போதும்.

குப்பியில் தூசி படிந்தால் அதற்குச் சொரணை போய்விடும், துடைக்க வேண்டும். மடல் சிக்கினால் எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்றால், இல்லை. கீழே உட்கார்ந்திருக்கும் ஜனங்கள்தான் வேலை. ஜன்னலோரத்தில் இருப்பவனுக்கு வேகும்; அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவளுக்குப் பல் கிட்டும்; ரெண்டு பேருக்கும் தலைக்கு மேல் ஒரே தட்டு. ஒருவர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் ஒட்டி வைப்பார். இன்னொருவர் காபி மெஷினைக் கொண்டுவந்து நேர் கீழே வைப்பார். அந்தச் சூடு குப்பியில் பட்டதும், அறையே தீப்பற்றிக்கொண்டது என்று நினைத்து டிஃப்யூசர் வாயைப் பிளந்துவிடும். அப்புறம் அத்தனை பேரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏணியைத் திட்டுவார்கள்.

இதற்கெல்லாம் ஏணியிடம் ஒரு வைத்தியம் இருந்தது. மேலே ஏறுவார், தட்டை இறக்குவார், நாக்கைக் கடித்துக்கொண்டு வெகு கஷ்டப்பட்டு எதையோ திருகுவார். ஒன்றையும் திருகியிருக்க மாட்டார். இறங்கி வந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்பார். "அப்பாடா, இப்பதான் உயிரே வந்துச்சு" என்பார்கள். பதவி ஏற ஏற இந்த வைத்தியம் சீக்கிரம் பலித்தது. இயக்குநர் ஏணியைப் பார்த்த மாத்திரத்திலேயே குணமாகிவிடுவார்.

ஏணிக்கு நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் ஜாகை. ஒன்றிரண்டு இடத்தில் பேச்சு வந்தது; இவர் ஒரு வார்த்தை பேசாமல் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்ததில் அவர்களே எழுந்து போய்விட்டார்கள். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா தம்பி?" என்று அண்ணி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

இப்படிப்பட்டவர்தான் மூன்றாவது மாடிக் கோப்பறையில் வசமாக மாட்டினார்.

அது ஜன்னல் இல்லாத அறை. தரையிலிருந்து சீலிங் வரைக்கும் கோப்பு அலமாரிகள், மேல் தட்டில் எட்டி எடுக்க ஒரு சக்கர ஏணி, மூலையில் ஒரு மேஜை. அங்கே ஒரே ஒரு பெண்தான் வேலை பார்த்தாள். கோப்பம்மா என்பார்கள். விவாகரத்து ஆனவள், அதைப் போன மாதம் சளி பிடித்திருந்தது என்பது போலச் சாதாரணமாகச் சொல்லுவாள். குளிர் தாங்கவில்லை என்று அவள் ஃபோன் போட்டு, ஏணி முதல்முறை போனபோது புகார் நிஜமாகவே நியாயமானது. யாரோ வளையத்தைக் கடைசிவரை குளிர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஏணி குப்பியைத் துடைத்து, வளையத்தைச் சரியான எண்ணில் நிறுத்திவிட்டு இறங்கினார். அவள் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, அலுவலகத்தில் ஒருத்தர் விடாமல் எல்லாருடைய வண்டவாளத்தையும் தண்டவாளத்தில் ஏற்றினாள். ஏணி வாய்விட்டுச் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

கதவுவரை போனதும்தான் உறைத்தது. இனி இந்த அறையில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் இங்கே வர ஒரு முகாந்திரமும் இல்லை.

"ஒண்ணு மறந்துட்டேன்" என்று திரும்பி வந்தார். மறுபடி ஏறினார். வளையத்தை ரெண்டு எண் குளிர்ப்பக்கம் திருப்பிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார்.

அடுத்த வாரமே ஃபோன் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. மாதக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது. ஊருக்கெல்லாம் திருகாமல் திருகியதாகக் காட்டிய மனுஷன், இந்த ஒரு அறையில் மட்டும் மெனக்கெட்டு நிஜமாகவே திருகினார், அதுவும் தப்பான பக்கம். அவள் முதலில் ஸ்வெட்டர் போட்டாள், பிறகு அதன் மேல் சால்வை, பிறகு காலுறை. தும்மிக்கொண்டே டீ ஊற்றினாள். ஏணிக்குக் குற்றவுணர்ச்சி பிடுங்கியது. ஆனாலும் டீயைக் குடித்தார்.

மேற்பார்வையாளருக்குத்தான் மூக்கில் வியர்த்தது. "யோவ், கட்டடம் பூரா தட்டு இருக்கு. அந்த ஒரு தட்டுக்கு மட்டும் என்னய்யா வாராவாரம் நோவு? இன்னொரு தடவை அந்த ரூம்லேருந்து புகார் வந்துச்சு, உன்னை கிடங்குக்கு மாத்திடுவேன்."

கிடங்கு ஊர்க்கோடியில் இருந்தது. அங்கே பெட்டிகள்தான் உண்டு. பெட்டிகள் குளிருகிறது என்று ஃபோன் போடாது, டீயும் கொடுக்காது.

அன்று சாயங்காலம் ஏணி அண்ணியிடம் போய், யாரோ ஒரு நண்பர் கதை மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தார். அண்ணி கேட்டு முடித்துவிட்டு, சிரிக்கவா அடிக்கவா என்று தெரியாமல் நின்றாள்.

"ஏன் தம்பி, ஒரு பொம்பளையைக் குளிர்ல வெச்சா அவளுக்கு ஆசையா வரும்? காய்ச்சல்தான் வரும். அந்த நண்பரை மொதல்ல அதைச் சரிபண்ணச் சொல்லுங்க."

"சரிபண்ணிட்டா அப்புறம் போக முடியாதே அண்ணி."

"போக முடியாட்டி போகட்டும். அந்தம்மாவுக்கு மூக்கு ஒழுகுறதாவது நிக்கும்ல?"

மறுநாள் காலையில் ஏணி யாரும் கூப்பிடாமலேயே கோப்பறைக்குப் போனார். குப்பியைப் புதிய துணியால் துடைத்தார். வளையத்தை இருபத்துநாலில் நிறுத்தினார். மடல்கள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு காத்திருந்து பார்த்தார். அவள் டீ எடுக்கப் போனபோது, "வேண்டாம் மேடம், வேலை கெடக்கு. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார். படியிறங்கும்போது அழுகை முட்டியது. நாற்பத்தேழு வயதில் ஒரு தட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த நாள் பத்து மணிக்குக் கோப்பறையிலிருந்து ஃபோன் வந்தது. குளிர் தாங்கவில்லையாம்.

இந்த முறை மேற்பார்வையாளர் தானே கிளம்பினார். "இன்னிக்கு உன் குட்டு வெளிப்படும்யா" என்று சொல்லி, ஏணியின் ஏணியிலேயே தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். தட்டை இறக்கியதும் வளையம் கண்ணில் பட்டது. குளிர்ப்பக்கம், கடைசி எண்ணில் நின்றுகொண்டிருந்தது.

"இதுக்குப் பேர் ரிப்பேரா? வேணும்னே வெச்சிருக்க!"

ஏணி இத்தனை மாதம் அயோக்கியத்தனம் செய்தபோது ஒரு ஈ காக்கை கண்டுபிடிக்கவில்லை. யோக்கியனாக இருந்த ஒரே நாளில் மாட்டிக்கொண்டார்.

"நான் இல்ல சார்" என்றார். பிறகு மனசாட்சி உறுத்தவே, "நேத்து நான் இல்ல. அதுக்கு முன்னாடி எல்லாம் நான்தான்" என்றார்.

"என்னய்யா உளர்ற?"

"அவர் உளறல சார்" என்றாள் கோப்பம்மா. எழுந்து, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். "இன்னிக்குத் திருப்பினது நான்."

மேற்பார்வையாளர் மேலேயே நின்றுவிட்டார். அவள் ஏணியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் குளிரா வெச்சிட்டுப் போறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நீங்க போனதும் நான் ஏறிப் பார்ப்பேன். என்னடா இந்த மனுஷன் இப்படி பண்றார்னு மொதல்ல கோவமா வந்துச்சு. அப்புறம் பேசாம சால்வையை எடுத்துப் போட்டுக்கிட்டேன். நேத்து ரூம் நல்லா இதமா ஆயிடுச்சு. இதமா ஆனதும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு, இனிமே வரமாட்டீங்களேன்னு. ராத்திரி பூரா அதே நெனப்பு. காலையில வந்ததும் நானே ஏறித் திருப்பிட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு தும்மல் போட்டாள். அந்தத் தும்மலில் ஏணிக்கு நெஞ்சே உடைந்துவிடும் போல இருந்தது. தன்னை ஒருத்தி இவ்வளவு விரும்புவாள் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை.

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டே இறங்கினார். இந்த மாதிரி புகாருக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாளையிலேருந்து நீ கிடங்குக்குத்தான்."

"தாராளமா மாத்துங்க சார்" என்றாள் அவள். பிறகு ஏணியிடம், "கிடங்கு எத்தனை மணிக்கு விடும்?" என்று கேட்டாள்.

"ஆறு... ஆறு மணி."

"ஆறு மணிக்கு வாசல்ல வந்து நிக்கிறேன். உங்களைப் பார்க்க இனிமே நான் குளிர்ல சாக வேண்டியதில்ல. மொதல்ல மேல ஏறி இதை ஒழுங்கா வெச்சிட்டுப் போங்க."

ஏணி ஏறினார். கண் கீழே அவளிடமே இருந்ததில் வளையம் பிடிபடவே இல்லை. கீழே மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே, அவர் விழுந்துவிடாமல் ஏணியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.