நிலை வைக்காத வாசல்

கடந்த ஆவணி மாதம், குன்னத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நடந்தது இது. கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், அரசு மானியத்தில் வீடு கட்டும் எளிய குடும்பங்களுக்குப் பட்டா மாற்றம் முதல் கூரை போடுவது வரை துணை நிற்பதை ஒரு பொறுப்பாக ஏற்றிருக்கிறேன். நான் முன்னின்ற வீடு பாதியில் நின்றது என்ற பேச்சு அதுவரை எழுந்ததில்லை.

அந்த ஊரில் ஒரு குடும்பத்தின் வீடு அப்படிப் பாதியில் நின்றது. அஸ்திவாரக் கடைக்கால் முடிந்து செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. தச்சர் செய்து கொடுத்த வாசல் நிலை மட்டும் தார்ப்பாயின்கீழ்க் கிடந்தது. அதை நிறுத்தினால்தான் சுவர் எழும். மாத இறுதிக்குள் சுவர் எழாவிட்டால் ஒதுக்கீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பழைய குடிசையைப் பிரித்தாகிவிட்டது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் அனைவரும் ஒரு கீற்றுச் சாய்ப்பில் ஒண்டியிருந்தார்கள். மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

காரணம் கேட்டேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பதில் சொன்னார்.

“இந்த வூட்ல பொறந்த பொண்ணு வந்து மஞ்ச பூசாம நிலை வெச்சா வூடு வெளங்காதுங்க சார். எங்க நாத்தனார் வர மாட்டேங்குறாங்க.”

இது மூடவழக்கம் என்று சற்றுக் கடுமையாகவே விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்கு மோர் கொடுத்தார். என் விளக்கத்தின் பயன் அவ்வளவுதான்.

முழங்கால் வலியோடு மறுநாள் பஸ் ஏறி, அரியலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அந்த நாத்தனாரைத் தேடிச் சென்றேன். பூர்வீக மனையில் தமக்குரிய பங்கை அவர் விட்டுக்கொடுத்ததால்தான் தம்பி பெயருக்குப் பட்டா மாறியிருந்தது. என்னை நாற்காலியில் அமர்த்திவிட்டு, வெங்காயம் உரித்தபடியே பேசினார்.

“கையெழுத்து வாங்க மட்டும் எங்க வூட்டுக்கு வழி தெரிஞ்சுது. கடக்காலு தோண்டுனப்ப ஒரு வார்த்த சொல்லல. இப்ப உங்கள அனுப்பியிருக்கான். நீங்க பெரியவங்க, உங்க மேல கோவம் இல்லிங்க. ஆனா, எந்தம்பி வூட்டுக்கு நீங்க கூப்ட்டு நான் வரதா?”

திரும்பி வந்து கணவரிடம் சொன்னேன். எந்த முகத்தோடு அக்காவைப் பார்ப்பது என்றார். போக மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, கிளம்பவும் இல்லை. யாரிடமும் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. அந்த வாரம் கெஞ்சாத குறையாகப் பேசித்தான் அவரை பஸ்ஸில் ஏற்றி, நானும் உடன் சென்றேன்.

அக்கா வீட்டு வாசலில், வெற்றிலை பாக்குப் பையுடன், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அக்கா வெளியே வந்தார்.

“கதவில்லாத வூட்டுல கெடந்து, உள்ள வர்றதுகூட மறந்துபோச்சா? வாடா. சோறு ஆறுது.”

இருவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் அக்கா வந்து நிலைக்கு மஞ்சள் பூசினார். சுவரும் கெடுவுக்குள் எழுந்தது.

இன்று எந்தக் குடும்பம் என்னைத் தேடி வந்தாலும், “பொறந்த பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதத்திலேயே, சட்டப்படி கைக்கு வந்த மனை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பதும், நான் மறுபடி பஸ் ஏற வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.