துண்டு போட்டவர்

எங்கள் வம்சத்திலேயே கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. எம்.ஏ. படித்தபோது, வாழ்வின் அபத்தத்தைச் சொல்லும் ஒரு நாவலைப் பற்றித் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். சொந்த நகரத்திலேயே யாரோடும் ஒட்டாமல் ஒருவன் நடந்துகொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் கதை. எங்கள் பக்கம் நடந்திருந்தால் நாலாவது வீட்டிலேயே ‘யார் வூட்டுப் புள்ள?’ என்று நிறுத்தி, கை நிறைய உரித்துத் தின்ன மல்லாட்டை கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். நாவல் அங்கேயே முடிந்திருக்கும்.

எனக்கோ கடைசி அத்தியாயம் பாக்கி. முடிவு தெரியாமல் பேசினால் மானம் போகும். விழுப்புரத்தில் சென்னைப் பேருந்தைப் பிடித்து, உட்கார்ந்து படித்துவிட நினைத்தேன்.

ஒரே ஓர் இடம்தான் காலி. அதிலும் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. யாரோ ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அக்கா.

“குந்தாத பாப்பா, ஆளு வருது.”

“ஆளப் பாத்தீங்களாக்கா?”

“துண்டப் பாத்தேன் இல்ல?”

வண்டி கிளம்பியது. ஆள் வரவில்லை. “விக்கிரவாண்டில ஏறுவாங்களா இருக்கும்” என்றார் நடத்துநர். விக்கிரவாண்டியும் வந்து போனது. நின்றவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்களே தவிர, துண்டை யாரும் தொடவில்லை. ஒரு கையில் கம்பி, மறு கையில் நாவல். வண்டி ஆட்டத்தில் ஒரே வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நாயகனுக்கு உலகத்தில் இடமில்லையாம். எனக்குப் பேருந்திலேயே இல்லை.

கூட்டேரிப்பட்டில் பொறுமை போய்விட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“தே! அடுத்தவங்க துண்டு!”

“என்துதான்க்கா.”

“அப்ப இம்மா நேரம் ஏன் நின்னுக்கினு வந்த?”

“ஆளு வரட்டும்னுதான்.”

பேருந்தே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “படிச்ச பொண்ணு பேச்சப் பாரு” என்று ஆரம்பித்து, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் எப்போது என்று திண்டிவனம் வரை விசாரணை நடத்தினார். புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. நான் எழுந்ததும் துண்டை என் தோளிலிருந்து உருவி அதே இடத்தில் விரித்தார். உட்கார வந்தவரிடம், “குந்தாதீங்க, ஆளு வருது” என்றார்.

கல்லூரியில் பேசி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “கடைசில அவன் என்னதான் ஆவுறான்?”

“இறங்கிவிடுகிறான். அவன் துண்டு மட்டும் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.”

முன்வரிசையில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் இன்றுவரை படிக்கவில்லை. இதைவிட நன்றாக இருக்கப் போவதில்லை.