கடைசி வீட்டுக் குழாய்

எங்கள் சந்து கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் முதல் வீடு எங்களுடையது. கடைசி வீடு என் சிநேகிதியுடையது. முழங்கால் விட்டுப்போகும் வரை காசிமேட்டில் மீன் விற்றவள்.

லாரித் தண்ணீர் வரிசையில்தான் எங்களுக்குப் பழக்கம். அவள் குடத்தை நான் பின்னால் தள்ளிவிட்டேன் என்றாள். நான் தள்ளவில்லை. இதை இன்றைக்கும் சொல்வேன். அன்று நடந்த இழுபறியில் இருவர் குடமும் விரிசல் விட்டது. மறுநாள் எனக்குக் காய்ச்சல். வரிசைக்குப் போகவில்லை. மதியம் கதவைத் திறந்தால், வாசலில் தண்ணீர்க் குடம், பக்கத்தில் அவள்.

“உனக்கோசரம் ஒண்ணும் இல்ல. நீ ஆள் இல்லாம எனக்கு வரிசையே சோக்கா இல்ல” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அவள், அவளுக்கு நான்.

பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. மீஞ்சூர்ப் பக்கம் கடல் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எந்தத் தண்ணீரோ, காலையில் மாதா கோயில் மணி அடித்த பிறகு கொஞ்ச நேரம் வரும். எங்கள் வீட்டில் பொங்கிக்கொண்டு வரும். முன்னால் இருக்கிற வீடுகள் பிடித்து முடிப்பதற்குள் நின்றுவிடும், கடைசி வீட்டில் வெறும் காற்று வரும்.

இந்தக் கோடையில் ஒரு நாள் அவள் மீன் ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம புள்ள வர்றான். ஆவடிக்கே வந்துடுன்றான். காலும் போச்சு, குழாயும் வரல, தனியா இன்னா பண்றேன்றான்.”

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள் நான். “போமே. அங்க மோட்டார் போட்டா தண்ணி கொட்டும்” என்றேன்.

“போறேன், போறேன். நீ இங்க யாராண்ட சண்ட போடுவே?”

மறுநாள் காலையில், தண்ணீர் பிடிக்கிற வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, அவளுக்குக் காப்பி எடுத்துப் போனேன். அந்த நேரத்தில் நான் அவள் வீட்டில் இருந்ததே இல்லை. இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். குழாய் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. சற்று நேரத்தில் சந்தின் ஓரமாகத் தண்ணீர் ஓடி வந்து எங்கள் கால் விரல்களைத் தொட்டது. கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

“பாத்தியா? குழாய்ல வராதது காவாய்ல வருது. மொத தண்ணி உன் வூட்டுக்காரரோடது. தெனம் எனக்கு அனுப்பிச்சிட்றாரு, நல்ல மனுசன்” என்று சிரித்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வாசலில் அவர் டிரம்மைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டிலும் கொட்டினார்கள். அதற்கடுத்த வீட்டிலும்தான். நாங்கள் லாரிக்குக் காத்திருந்த ஜனம். நாளைக்குத் தண்ணீர் வரும் என்று எங்களுக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் குழாய் வந்தால் இருக்கிற ஏனம் எல்லாம் நிரம்ப வேண்டும். நிரப்ப இடம் வேண்டும் என்றால் நேற்றுப் பிடித்ததைக் கொட்ட வேண்டும். அரிசி களைந்த தண்ணீரில் மீனைக் கழுவி, மீன் கழுவியதைக் கக்கூசுக்கு ஊற்றிய அதே கைகள்தான் இப்படிக் கொட்டின.

விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தேன்.

“யோவ், இன்னாய்யா பண்றே?”

“பழைய தண்ணிமே. புதுசு வருதில்ல?”

“தண்ணில இன்னாய்யா பழசு? நேத்து வச்ச மீன் கொயம்ப மட்டும் சட்டியோட வழிச்சித் துன்றே?”

மனிதர் துறைமுகத்தில் எத்தனையோ அதிகாரிகளைச் சமாளித்தவர். என் முன்னால் டிரம்மை நிமிர்த்தி மூடியைப் போட்டார்.

ஆனால் எங்கள் ஒரு டிரம்மைக் கொட்டாமல் விட்டதால் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிடுமா? வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம். அது எனக்கு வராது. நேற்றுப் பிடித்த தண்ணீரையாவது அவளுக்குக் கொடுக்கலாம் என்று, அடுத்த நாள் விடிந்ததும் அவளுடைய குடங்களைக் கழுவி எங்கள் வாசலில் வரிசையாக வைத்தேன். அவளும் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலேயே வந்து நாற்காலியில் குந்தினாள்.

உள்ளே போய்ச் சொம்பு எடுத்து வருவதற்குள் எதிர்வீட்டுக்காரி அந்த வரிசையில் தன் குடத்தை வைத்திருந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். நைட்டியோடும், பல் தேய்த்த வாயோடும் சந்து முழுவதும் வந்துவிட்டது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. குடம் வரிசையில் இருந்தால் எங்களுக்குக் கால் தானாக வந்து நிற்கும். டி.வி.யில் பேர் தெரியாத நாட்டுப் பெண்கள் எல்லாம் தண்ணீருக்கு இப்படித்தான் நிற்கிறார்கள். ஊர்தான் தெரியாது, அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

“ஏய், பச்ச குடம் யாருது? நைசா முன்னால வர்றே? பின்னால போடீ!” சிநேகிதி நாற்காலியிலிருந்தே அதட்டினாள். பழைய குரல்.

“லாரி எங்கக்கா நிக்கிது?” என்றாள் பச்சைக் குடத்துக்காரி.

“லாரியா? எனக்கு இன்னா தெரியும்? இவ என் குடத்த வச்சா, நீங்கல்லாம் வந்து நின்னீங்கோ!”

சந்தே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“வந்ததுதான் வந்தீங்க, காவாய்ல கொட்டப்போற நேத்து தண்ணிய இவ குடத்துல ஊத்துங்க. மிச்சத்த மூடி வச்சி இன்னிக்கி பொழங்குங்க. கொறயிறத மட்டும் புடிச்சிட்டு குழாய மூடுங்க. இவளுக்கு வரல. ஆவடிக்குப் போறேன்றா.”

“இன்னாக்கா இது? போறியா? சொல்லவே இல்ல?” என்று எதிர்வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குடங்கள் நிரம்பின.

மணி அடித்தது. குழாய் வந்தது. பாதி டிரம் நிரம்பியே இருந்ததால் ஒவ்வொரு வீடாகச் சீக்கிரமே மூடினார்கள். நானும் அவளும் கடைசி வீட்டில் காத்திருந்தோம். குழாய் இருமியது, துப்பியது, பிறகு நூல் மாதிரித் தண்ணீர் விட்டது. அவள் உள்ளங்கையை நீட்டினாள். நிரம்பியதும் அந்த ஈரக்கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து மகன் ஆட்டோவோடு வந்தான். நல்ல பிள்ளை, தாயை நினைத்துத்தான் வந்தான். அவன் கையில் காப்பியைக் கொடுத்தாள்.

“குடி நைனா. என் குழாய்த் தண்ணில போட்டது.”

அவன் எழுந்து போய்க் குழாயடியில் நிரம்பியிருந்த குடங்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். காப்பியைக் குடித்து முடித்தான். தூக்குச் சட்டி நிறைய வஞ்சிர மீன் குழம்போடு தனியாகத் திரும்பிப் போனான்.

ஆட்டோ சந்து முனை தாண்டும் வரை நின்றிருந்தோம். என் கண் கலங்கியதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

“இன்னாமே மரமாட்டம் நின்னுகினு கீறே? உன் வூட்டு குழாய மூடுனியா?”

மூடிவிட்டுத்தான் வந்திருந்தேன். இருந்தாலும் வீட்டுக்குப் போய் இன்னொரு முறை இறுக்கிவிட்டு வந்தேன்.