பேராயர் கடைசியாகக் குடித்த பாத்திரம்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் கொழுந்தனார் விட்டுப்போனவை. ஒன்றும் சோடை போகவில்லை. இப்போது கடைசி மகனோடு ஷார்ஜாவில், முவைலாவில் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மருமகள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூத்தவள் பத்து வயதுப் பெண். போன மாசிக்கு ஆண்பிள்ளை பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று, பேர்தான் முடிவாகவில்லை. நான் என் அப்பா பேரைச் சொன்னேன். அது ஒரு வெள்ளைக்காரப் பேராயரின் குடும்பப் பேர். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சபைகளில் அப்படித்தான். மனதுக்குப் பிடித்த மிஷனரி பேரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். அப்பா பேர் என் பாஸ்போர்ட்டிலும் ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரோ துரைசாணி வரப்போகிறாள் என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போவேன்.

அப்பாவுக்கு அந்தப் பேர் வந்த கதை எங்கள் வீட்டின் சொத்து. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்த மேல்சாதிக்காரர்கள், நற்கருணைத் திராட்சரசம் குடிக்கும்போது கடைசி வரிசையில் இருந்த எங்கள் சாதியார் வாய் வைத்த பாத்திரத்தில் தாங்கள் வாய் வைக்க மாட்டோம், இரண்டு பாத்திரம் வேண்டும் என்று நின்றார்களாம். பேராயர் ஒரே பாத்திரம்தான் என்று சொல்லிவிட்டார். அப்பாவைப் பெற்றவள் வயிற்றுப் பிள்ளையோடு கடைசி வரிசையிலிருந்து நடந்து போய்க் குடித்தாள். அவளுக்குப் பிறகு, அதே பாத்திரத்தில், பேராயர் குடித்தார். பிள்ளை பிறந்ததும் அந்தப் பேர்.

மருமகள் இதைக் கேட்டுவிட்டு, “அது சரி அத்தை. அதுக்கப்புறம் அவரு என்ன செஞ்சாரு?” என்றாள்.

“என்ன செஞ்சாரா? வேற தேசத்துக்குப் போயி, பேராயருக்கெல்லாம் பெரிய பேராயரா ஆனாரு.”

“அங்க என்ன செஞ்சாருன்னு கேக்கேன். தெரியாம எம்பிள்ளைக்கு எப்படி வைக்க?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. இத்தனை வருஷம் அந்த மனுஷனை எங்கள் ஊர் எல்லையிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார், என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார், ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து அதே நினைப்பு.

நாங்கள் போகிற கோயில் வளாகத்தில் மலையாளத்துக்காரர் முடித்தால் நாங்கள், நாங்கள் முடித்தால் உருதுக்காரர். ஆங்கில ஆராதனைக்கு ஒரு வெள்ளைக்காரக் குருவானவர் இருக்கிறார். பேத்தியைக் கையோடு கூட்டிப் போய்க் கேட்கச் சொன்னேன். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு அவரே எங்களைத் தேடி வந்தார்.

பேராயர் ஒரு தையற்காரர் மகனாம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம், நம்மைப் போல் கையால் உழைத்த வீடு. கப்பலில் வந்து தமிழ் படித்தார். மனைவி காய்ச்சலில் இறந்து எங்கள் பக்கத்து மண்ணிலேயே அடக்கமானாள். இது எங்கள் கதையில் இல்லவே இல்லை. “பாவம்” என்றேன். பேத்தி அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

பிறகு அவர் கொஞ்ச நேரம் பேச, அவள் முகம் சுருங்கியது.

“ஆச்சி, அங்க அவர் ஆர்ச்பிஷப். பெரிய சர்ச் கட்டினார். ஒயிட் பீப்பிள் மார்னிங் வரணும். அந்த ஊர்க்காரங்க ஆஃப்டர்நூன். கப்பும் செபரேட்.”

“ஏட்டி, நல்லாக் கேளு. வேற ஆளா இருக்கும்.”

“சேம் ஆள்தான் ஆச்சி. வெள்ளைக்காரங்க வந்து கேட்டாங்களாம். அவர் ஓகே சொல்லிட்டார்.”

நான் விடவில்லை. எங்கள் ஊரில் கடைசியாக அவர் குடித்ததைச் சொல்லச் சொன்னேன். குருவானவர் மெதுவாகச் சிரித்தார். பாத்திரத்தில் மீதியானதை நடத்துகிற குரு கடைசியில் குடித்தே ஆக வேண்டும், அது எல்லாருக்கும் உள்ள முறைதான் என்றார்.

எத்தனை வருஷமாக, எத்தனை குருமார் அப்படிக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் துடைப்பதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்! அதையும் இதையும் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் பேத்தி கேட்டாள்: “ஆச்சி, நம்மளும் மலையாளம், உருதுன்னு செபரேட்தானே?”

“நம்ம கதவு சாத்தியா கெடக்கு? போன வாரம்கூட ஒரு மலையாளத்துக்காரி எம்பக்கத்துல முட்டி போட்டாளே.”

ஆனாலும் அவள் கேள்வி என்னோடு வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊரில் இரண்டு பாத்திரம் கேட்டவர்கள் தமிழ் ஆட்கள். அவர்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு முடிந்தது. அங்கே கேட்டவர்கள் அவருடைய சொந்த ஆட்கள். அவர்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லையோ என்னவோ. இல்லை, மனைவியை மண்ணில் விட்டுப் போனதில் மனம் கல்லாகிவிட்டதோ? மேலே போய் அவரைப் பார்த்தால் கேட்டுவிடுவேன். எங்கள் ஊரில் ஒரே பாத்திரம்தான் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஊரே பார்க்க வயிற்றுப் பிள்ளையோடு நடந்து போனவள் என் அப்பாவைப் பெற்றவள். அவள் பேரை எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் வைக்கவில்லை.

மருமகளிடம், “பேரு உன் இஷ்டம்” என்றேன்.

“கோவமா அத்தை?”

“கோவமெல்லாம் இல்ல. அந்தப் பேரு எங்கூடயே இருக்கட்டும். கிளினிக்ல கூப்பிட ஒரு பேரு வேணும்லா?”

அவள் சிரித்துக்கொண்டே பிள்ளையை என் மடியில் கிடத்தினாள்.

இவன் பெரியவனாகி, பூட்டன் பேர் தனக்கு ஏன் இல்லை என்று கேட்பான். அதற்காகத்தான் இதை எழுதினேன். பேத்தி ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்து படித்திருக்கிறாள். ஏட்டி, அந்த டிவியை அமத்திட்டு இங்க வா. தம்பி முழிச்சுத்தான் கெடக்கான். நான் எழுதுனத முதல்ல இருந்து சத்தமா வாசி, பாப்போம்.